கொல்லைக்கு வந்த விருந்தினர்

புதுவை நகரின் வடமேற்கே, வழுதாவூர்ச் சாலையை ஒட்டிக் கதிர்காமம் என்னும் ஊர் அமைந்துள்ளது. இலங்கைத் தீவின் தென்பகுதியிலும் கதிர்காமம் ஒன்று உண்டு. முருகன் வள்ளியைக் கண்டு காதலித்த இடம் அதுவே என்று அந்நாட்டார் கூறுவர். தேனும் தினைமாவும் படைத்து வழிபடப்பெறும் கடவுளின் ஊர்ப்பெயரைத் தாங்கிய புதுவைக் கதிர்காமத்தில், தேனீ எங்கே என்று தேடவேண்டிய காலம் ஒன்று வந்தது. அங்கு ஒரு வீட்டின் கொல்லையில் நிகழ்ந்த கதையே ஈண்டுக் கூறப்படுவது.

கதிர்காமம் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. அந்நிலம் முன்னாளில் எத்தகையது என்பதை உழவர்கரை என்னும் பெயரே உணர்த்தும். ஏர் நடந்த இடங்களில் இன்று வீடுகள் நெருங்கி நிற்கின்றன. 2010 ஆம் ஆண்டில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி அங்குத் தொடங்கப்பெற்றது. அதன்பின் சாலையில் போக்குவரத்து ஓய்வதே இல்லை. மக்களுக்கு வீடும் வேண்டும், மருத்துவமும் வேண்டும், ஆதலின் இவற்றைக் குறை கூறுதற்கில்லை. எனினும், மண் மெல்ல மெல்ல மறைந்தது. மண் மறைந்ததோடு வேறு சிலவும் மறைந்தன என்பதை எவரும் உடனே அறிந்திலர்.

அவ்வீட்டு முதியவர் பஞ்சாலை ஒன்றில் பல்லாண்டுகள் தறி ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று சென்ட் மனையில் வீடு போக எஞ்சியது ஏறத்தாழ ஒரு சென்ட் கொல்லை. அங்கு வேம்பு ஒன்றும் முருங்கை ஒன்றும் நின்றன. கிணற்றடியில் வாழையும் கறிவேப்பிலையும் இருந்தன. ஆண்டுதோறும் ஆடிப்பட்டத்தில் அவர் மனைவியார் மதிலோரம் பரங்கி விதை ஊன்றுவார். கொடி மதிலேறிப் பரந்து மார்கழியில் பூத்துக் குலுங்கும். பொங்கலன்று அக்கொல்லைப் பரங்கிக்காயே கறியாகும்.

2011 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் விடியற்காலையில், தானே என்னும் புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்நாளை அப்பகுதி மக்கள் எளிதில் மறவார். முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. நகரத்துச் சாலையோர மரங்கள் மின்கம்பங்களை அணைத்தவாறு வீழ்ந்தன. முதியவரின் முருங்கை முறிந்தது. வேம்பு சாய்ந்து மதிலின் ஒரு பகுதியைத் தகர்த்தது. மரங்களை அறுத்து அகற்றவே பல நாள் ஆயின. அந்தச் சலிப்பில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி மரமும் வேண்டா, சருகும் வேண்டா என்று, தம் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டுக் கொல்லை முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார். மதிலோரத்தில் கறிவேப்பிலை நின்ற ஒரு முழ அகலமுள்ள மண் மட்டும் எஞ்சியது. அதுவும் மனைவியாரின் பரங்கிக்காக விட்டதே.

தளம் பளபளத்தது. பெருக்குவது எளிதாயிற்று. பரங்கிக்கொடியும் முன்போலவே படர்ந்து பூத்தது. ஆயினும் காய் பிடிக்கவில்லை. பிஞ்சுகள் சுண்டுவிரல் அளவில் மஞ்சள் நிறமுற்று வெம்பி உதிர்ந்தன. எருவிட்டும் பயனில்லை, விதையை மாற்றியும் பயனில்லை.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ மெல்லிய நீண்ட காம்பில் தனித்து நிற்கும். பெண் பூவின் அடியில் சிறு உருண்டை போன்ற பிஞ்சு பூக்கும்போதே அமைந்திருக்கும். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் சூல்முடியைச் சென்றடைந்தால்தான் அப்பிஞ்சு காயாகும். அம்மகரந்தம் பிசுபிசுப்பும் கனமும் உடையது. காற்றில் பறந்து செல்லாது. சுமந்து செல்ல ஓர் உயிர் வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. விடியலில் விரியும் பூ நண்பகலுக்குள் வாடி மூடிக்கொள்ளும். அச்சில நாழிகைக்குள் வண்டு வரவேண்டும். வாராவிடின் பிஞ்சு உதிரவேண்டியதே. (பரங்கி என்னும் பெயரைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க நாட்டில் தோன்றிய இக்காய் ஐரோப்பியரோடு நம் நாட்டுக்கு வந்தது. வந்தவரைப் பரங்கியர் என்றனர் நம் முன்னோர். அவர் கொணர்ந்த காயைப் பரங்கிக்காய் என்றனர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் அக்காய் இன்றும் பொங்கல் கறியாய் விளங்குவது காண்க. வந்த விருந்தை உறவாக்கிக் கொள்வதில் நம் சமையலறைக்கு நிகர் இல்லை.)

பூவின் இவ்வியல்பை அம்மூதாட்டியார் நூலிற் கற்றவர் அல்லர். ஆயினும் காய்க்கும் பூ எது, காய்க்காத பூ எது என்பதை நன்கு அறிவார். மார்கழி விடியலில் வாயிற் கோலத்தின் நடுவே சாணவுருண்டையில் செருகுவதற்குக் காய்க்காத பூவையே பறிப்பார்; அதனை வெறும் பூ என்பார். தளம் போட்டபின் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ, அண்டை வீட்டார் ஒருவர் கூறக் கேட்டு, அவர் ஒரு வழியைக் கைக்கொண்டார். விடிந்ததும் ஓர் ஆண் பூவைப் பறித்து, அதன் இதழ்களைக் களைந்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் உள்ளே மெல்லத் தடவுவார். தடவிய பூக்கள் காய்த்தன. வெறும் பூ வெறும் பூ அன்று என்று அவருக்கு அன்றுதான் விளங்கிற்று.

பள்ளியில் ஆறாம் வகுப்புப் பயின்றுவந்த பேத்தி இதனை ஒருநாள் பார்த்துக்கொண்டு நின்றாள். புதுவை வட்டாரத்தில் பாட்டியை ஆயா என்றழைப்பது வழக்கம்.

"ஆயா, நீ செய்கிற இந்த வேலையை முன்பெல்லாம் யார் செய்தார்கள்?"

"வண்டு செய்தது, கண்ணு. எனக்கு இந்த வேலையே தெரியாது."

"அந்த வண்டு இப்போது எங்கே போயிற்று?"

"அதை உன் தாத்தாவைக் கேள்."

திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் இதனைக் கேட்டார். "நான் வண்டையா விரட்டினேன்? தரையைத்தானே பூசினேன்" என்றார். குரலில் சற்றே சினம் இருந்தது. அச்சொல்லே பல நாள் அவர் உள்ளத்தை உறுத்திற்று என்பதைப் பின்னர் அவரே வீட்டாரிடம் கூறினார்.

சீன நாட்டில் சிச்சுவான் மாநிலத்தைச் சேர்ந்த ஹன்யுவான் என்னும் பகுதி பேரிக்காய்க்குப் பெயர் பெற்றது. அங்கு 1980களிலிருந்து உழவர்கள் கழியின் நுனியில் இறகுகளைக் கட்டி, மரத்தில் ஏறி நின்று, ஒவ்வொரு பூவாய் மகரந்தம் தடவி வருகின்றனர். பூச்சிமருந்தை மிகுதியாகத் தெளித்தமை அதற்கு ஒரு காரணம். ஒன்றோடொன்று மகரந்தம் கலவாத இன மரங்களையே நட்டமை மற்றொரு காரணம். கதிர்காமத்து மூதாட்டியார் ஐந்தாறு பூக்களுக்குச் செய்ததை அவர்கள் மலைச்சாரல் முழுமைக்கும் செய்கின்றனர். தேனீ கூலி கேளாமற் செய்யும் தொழிலுக்கு மனிதனை அமர்த்தினால் எவ்வளவு செலவாகும் என்பதை அவ்வுழவர்கள் நன்கு அறிவர்.

இனித் தேனீக்களைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். தேனீ என்றதும் பெட்டியில் வளர்க்கும் ஓர் இனமே பலர் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டிலும் புதுவையிலும் இயல்பாய் வாழும் தேன் சேர்க்கும் இனங்கள் சில உள. நீர்த்தொட்டியின் அடியிலும் உயர்ந்த மாடங்களிலும் ஒற்றைப் பெரிய அடையைக் கட்டித் தொங்கவிடுவது மலைத்தேனீ. புதரின் கிளையில் உள்ளங்கை அளவான சிறிய அடையைக் கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் அடை அடையாய் அடுக்கிக் கட்டுவது அடுக்குத் தேனீ. கொசுவினும் சற்றே பெரிதாய், கொட்டும் ஆற்றல் இன்றிச் சுவரின் இடுக்கில் மெழுகும் பிசினும் கலந்த சிறு குழாய் வாயில் அமைத்து வாழ்வது கொசுத்தேனீ. இவையன்றிக் கூட்டமாய் வாழாமல் தனித்து வாழும் தேனீக்களும் பல. உலர்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு அவற்றுள் ஒன்று. முருங்கைப் பூவுக்கு அதுவே சிறந்த நண்பன். ரோசாச் செடியின் இலையை வட்டமாய் நறுக்கிச் சென்று கூடு அமைக்கும் இலைவெட்டித் தேனீ மற்றொன்று. வெற்று மண்ணில் வளை தோண்டி முட்டையிடுவன இன்னும் பல.

பழந்தமிழ்ப் புலவர் வண்டு, சுரும்பு, தும்பி, ஞிமிறு எனப் பல பெயர்களை வழங்கினர். இன்று சிறுவர் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் பூச்சிக்கே தும்பி என்னும் பெயர் நின்றுவிட்டது. பழம்பாடல்களில் தேன் உண்ணும் தும்பியே மிகுதி. தொல்காப்பியர் உயிர்களை அறிவால் பகுத்தபோது தும்பியை நான்கறிவுயிராக வைத்தார். ஐந்தாவதான செவியறிவு அதற்கில்லை என்பது கருத்து. தேனீக்கு நம்முடையது போன்ற செவி இல்லை என்பதை இக்காலத்து அறிவியலும் ஒப்பும். அதிர்வை அது கால்களாலும் உணர்கொம்புகளாலும் அறிகின்றது. மலர் இருக்கும் திசையையும் தொலைவையும் தேனீ தன் கூட்டில் ஆடிக் காட்டி ஏனைய தேனீக்களுக்கு உணர்த்துகின்றது என்பதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் அறிஞருக்கு 1973 ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இவ்வுயிர்களின் இருப்பிடங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் முதியவர் என்ன செய்துவிட்டார் என்பது விளங்கும். மண்ணில் வளை தோண்டுவதற்கு மண் இல்லை, தளம் உளது. மரத்தைத் துளைப்பதற்குப் பட்ட கிளை இல்லை; எல்லாம் விறகாய்ப் போயிற்று. பரங்கி பூக்கும் இரண்டு திங்கள் தவிர மற்றைக் காலத்தில் உண்பதற்கு மலர் இல்லை. ஆண்டில் பத்துத் திங்கள் கதவடைத்திருக்கும் வீட்டிற்கு மார்கழியில் மட்டும் விருந்தினர் வருவரோ?

ஒரு கோடையில் அவர் கடப்பாரையை எடுத்தார். முழுத்தளத்தையும் பெயர்க்க அவருக்கு மனம் வரவில்லை. பணம் செலவிட்டுப் போட்டதாயிற்றே! மதிலோரமாக நான்கடி அகலம் மட்டும் பெயர்த்தார். பக்கத்துத் தெருக் கொத்தனார் ஒருவர் துணை செய்தார். நல்ல தளத்தை உடைக்கக் கூலி கொடுப்பவரை அன்றுதான் முதன்முறையாகக் கண்டதாக அவர் சிரித்தார்.

பெயர்த்த இடத்தில் முருங்கைப் போத்து ஒன்று நட்டார், துளசி வைத்தார், செம்பருத்தி வைத்தார். இரண்டு திங்கள் வரை ஒன்றும் வரவில்லை. மழை பெய்ததும் நடாத செடிகள் முளைத்தன. தும்பை முளைத்தது, குப்பைமேனி முளைத்தது, மூக்கிரட்டை படர்ந்தது. முதியவர் களைக்கொத்தியோடு வந்தார்.

"தாத்தா, இந்த வெள்ளைப் பூவில் என்னவோ உட்கார்ந்திருக்கிறது. பிடுங்காதீர்கள்" என்றாள் பேத்தி.

தும்பையின் சிறிய பூவில் அதனினும் சிறிய தேனீ ஒன்று தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. அது கொம்புத்தேனீ. அன்று களைக்கொத்தி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டது. விலை கொடுத்து வாங்கிய செடிகளைத் தேடி வராத விருந்து விதைக்காமல் முளைத்த தும்பையைத் தேடி வந்தது முதியவருக்கு வியப்பாயிருந்தது. அதில் வியப்பு யாதும் இல்லை. அழகுக்கென்று பல அடுக்கு இதழ்களோடு உருவாக்கப்பட்ட மலர்களிற் பலவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாய் மாறியிருக்கும்; உண்பதற்கு அங்கு ஒன்றும் இராது. குரோட்டன்சும் புல்தரையும் கண்ணுக்கு விருந்தாகுமேயன்றித் தேனீக்கு ஆகா. தேனீயின் கண்ணுக்குச் செந்நிறம் புலப்படாது. மனிதன் காணாத புற ஊதா நிறம் புலப்படும். ஆதலின் அவர் வீட்டுச் செம்பருத்தியை நாடி வந்தது தேனீயன்று, தேன்சிட்டு. துளசியின் செய்தி வேறு. செடி தழைக்கவேண்டும் என்று மூதாட்டியார் அதன் கதிர்களை உடனுக்குடன் கிள்ளிவிடுவார். இரண்டு செடிகளில் மட்டும் கிள்ளாமல் விட்டபின், காலை வெயில் ஏறும் நேரத்தில் அவற்றைச் சுற்றி ஓர் இரைச்சலே எழலாயிற்று.

எக்காலத்தும் ஏதேனும் ஒன்று பூத்திருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் கற்ற முதற் பாடம். முருங்கை தையிலும் மாசியிலும் மிகுதியாகப் பூக்கும். வேம்பு பங்குனியிலும் சித்திரையிலும் பூக்கும். தும்பை மழையை ஒட்டி வரும். துளசி ஆண்டு முழுதும் கைகொடுக்கும். இடமுடையோர் காயா மரம் ஒன்று வைக்கலாம். திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் உவமை கூறிய நீலப்பூ அதனுடையதே. புதுவையைச் சூழ்ந்த கோயிற் காடுகளில் காசான் என்னும் பெயரோடு அது இன்றும் நிற்கின்றது. அது பூக்கும் காலத்தில் கிளையெல்லாம் நீலமாகும். வண்டின் ஒலியும் குறையாது.

இரண்டாம் பாடம் கடினமானது. அது கறிவேப்பிலைச் செடியில் வந்தது.

ஒருநாட் காலையில் தாளிப்பதற்கு இலை பறிக்கச் சென்ற மூதாட்டியார், செடியின் கொழுந்துகள் எல்லாம் கடித்துத் தின்னப்பட்டிருக்கக் கண்டார். இலைமேல் பறவை எச்சம் போன்ற ஒன்று கிடந்தது, தொட்டபோது அசைந்தது. மற்றொன்று பசுமை நிறமாய்த் தடித்திருந்தது. அதைத் தொட்டதும் தலையின் பின்புறத்திலிருந்து செந்நிறமான இரு கொம்புகளை நீட்டித் தீநாற்றம் வீசிற்று. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வில்வமும் உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, அழகிய பெரிய வண்ணத்துப்பூச்சியாய்ப் பறக்கும் இனத்தின் புழுக்கள் அவை. அது மூதாட்டியாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவ்வேளையில் சினம் தணிந்திராது. "பூவுக்கு வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? என் குழம்புக்குள்ளேயே கைவைத்தால் எப்படி?" என்று மருந்து தெளிக்கும் குப்பியைத் தேடினார்.

பேத்தி அழுதாள். முதியவர் இருவருக்கும் இடையே நின்றார். செடியில் பாதி வீட்டுக்கு, பாதி புழுவுக்கு என்று பங்கிட்டு, கீழ்க்கிளைகளிலிருந்த புழுக்களை ஒரு சுள்ளியால் மேற்கிளைக்கு மாற்றினார். புழுவுக்கு அந்த உடன்படிக்கை தெரியாது என்பது உண்மைதான். எனினும் நான்கைந்து நாளில் புழுக்கள் குறைந்தன. காரணம், மதிலையடுத்த செடியில் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்த தையல்சிட்டு. அது விடிந்தது முதல் அடையும் வரை ஓயாது வந்து, புழுவையும் சிறு பூச்சியையும் அலகிற் கவ்விக்கொண்டு சென்றது. கூட்டுக்குள் குஞ்சுகள் இருந்தன.

தேன் உண்ணும் சிட்டும், தானியம் கொத்தும் குருவியும்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பூச்சியையும் புழுவையுமே பெரும்பாலும் ஊட்டும். வளரும் குஞ்சுக்கு அவ்வுணவே வேண்டும். ஆதலின் புழு இல்லாத தோட்டத்தில் குஞ்சு வளராது. குருவி வரவேண்டும், புழு வரலாகாது என்போர் அரிசி வரவேண்டும், நெல் வரலாகாது என்போரை ஒப்பர். மருந்து தெளித்திருந்தால் அன்று புழு மட்டுமா இறந்திருக்கும்? அதை உண்ட குஞ்சும், பக்கத்துத் துளசிக் கதிரில் இருந்த தேனீயும் அதற்குத் தப்பியிரா. சில வாரங்களுக்குப் பின் கறுத்த சிறகில் வெண்புள்ளி வரிசையோடு ஒரு வண்ணத்துப்பூச்சி கிணற்றடியில் பறந்தது. பிழைத்த புழுக்களுள் ஒன்றாக அது இருக்கலாம். கறிவேப்பிலைச் செடியும் மீண்டும் தளிர்த்துவிட்டது. அச்செடிக்கு அது வழக்கமே.

ஒரு வீட்டுத் தோட்டத்தில் எத்தனை வகை உயிர்கள் இருக்கக்கூடும்? இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் வாழ்ந்த ஜெனிஃபர் ஓவன் என்னும் அம்மையார் தம் வீட்டுத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் இதனை ஆராய்ந்தார். நகரத்துத் தெருவில் உள்ள எளிய வீடு அது. தோட்டத்தில் பூவும் இருந்தது, காய்கறியும் இருந்தது. இடையில் நரம்பு நோய் அவரைப் பற்றியது; நடமாட்டம் குறைந்தது; கணக்கெடுப்பை மட்டும் அவர் நிறுத்தவில்லை. 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அத்தோட்டத்தில் தாம் கண்டவை 2,673 வகை என்று அவர் எழுதினார். அவற்றுள் பூச்சிகள் மட்டும் 1,997. முதுகெலும்புடைய உயிர்கள் 64. அறிவியல் உலகம் அதுவரை அறியாத சில பூச்சிகளும் அங்கு அகப்பட்டன. குளிர் நாட்டுத் தோட்டத்தில் இவ்வளவு எனின், நம் நாட்டுக் கொல்லையில் எவ்வளவு இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்த மாணவர் எவரேனும் ஒரு குறிப்பேடு தொடங்கினால் நன்று.

புதுவைக்கும் இவ்வுயிர்களுக்கும் உள்ள உறவு பழையது. 1826 ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் அந்நகரில் தாவரத் தோட்டம் அமைத்தனர். உலகத்து அறிஞர்கள் கௌதாரிக்கு இட்டு வழங்கும் அறிவியற் பெயரில் 'பாண்டிசெரியானஸ்' என்று புதுவையின் பெயரே அமைந்துள்ளது. அப்பறவைக்குப் புதரும் தரிசும் வேண்டும். கதிர்காமத்துத் தெருக்களில் அதனை இன்று எதிர்பார்த்தற்கில்லை. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார்க்குக் குயில் பாட்டுத் தோன்றிய மாந்தோப்பு அருகிலுள்ள கருவடிக்குப்பத்தில் இருந்தது. மேற்கே ஊசுட்டேரியைப் புதுவை அரசு 2008 ஆம் ஆண்டில் பறவைகள் புகலிடமாக அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டில் குயிலையும் அணிலையும் வில்வத்தையும் நாகலிங்கப் பூவையும் தன் அடையாளங்களாக அறிவித்தது. நாகலிங்கப் பூவில் தேன் இல்லை; தன்னை நாடி வரும் வண்டுக்கு உண்ணவென்றே தனியாக ஒரு மகரந்தத்தைப் படம் போன்ற பகுதியில் வைத்திருக்கின்றது. புலியையும் யானையையும் தேடாமல், வீட்டு மதில்மேல் ஓடும் அணிலைத் தேர்ந்தெடுத்த ஊர் அது. அணிலுக்கு ஏற்ற மதில்கள் அங்கு நிறைய உள்ளன. மதிலுக்கு அப்பால் மரந்தான் குறைந்து வருகின்றது.

கொல்லை பசுமையான பின் வேறொரு வழக்கு எழுந்தது. தானே புயலில் இடிந்து பின் அரைகுறையாய்க் கட்டப்பட்ட மதிலின் ஓட்டை ஒன்றில் கொசுத்தேனீக்கள் குடியேறின. பழுப்பு நிறக் குழாய் வாயிலில் அவை வருவதும் போவதுமாய் இருந்தன. அண்டை வீட்டு அம்மையார் அஞ்சினார். "பெரியவரே, குழந்தைகள் விளையாடும் இடம். ஓட்டையை அடைத்துவிடுங்கள். செடிகொடி இப்படி மண்டினால் கொசு வரும், பாம்பும் வரும்" என்றார். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. டெங்குக் காய்ச்சலை அறிந்த ஊர் அது.

முதியவர் அவரை அழைத்து வந்து குழாய் வாயிலின் அருகே தம் விரலை வைத்துக் காட்டினார். கொட்டும் ஆற்றல் அற்ற அச்சிற்றுயிர்கள் விரலைச் சுற்றிவிட்டு உள்ளே சென்றன. மலைத்தேனீயாயின் அவ்வாறு செய்யலாகாது. அதன் அடையருகே கல்லெறிதலும் புகை போடுதலும் உயிருக்கே கேடாகும். பழகியவரை அழைத்தே அகற்றல் வேண்டும். ஒரு தேனீ கொட்டினாலே மூச்சுத் திணறும் உடலினரும் உளர்; அவர்களை உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். பறவைக்கும் தேனீக்கும் வைத்த நீரை இரண்டு நாளைக்கொருமுறை கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவுவதாக அவர் வாக்களித்தார். கொசுவின் முட்டை சிறகு பெற ஒரு வாரத்துக்கு மேலாகும். ஆதலின் இவ்வேற்பாடு போதும். சட்டியில் சில கூழாங்கற்களையும் இட்டனர். தேனீக்கு நீந்தத் தெரியாது. கல்லில் அமர்ந்து நீர் அருந்தும். பாம்பைப் பற்றி அம்மையார் கூறியது மட்டும் முற்றும் தவறன்று. விறகும் செங்கல்லும் குவிந்து கிடந்த மூலையை அவர் வீட்டு வாயிலுக்கு எட்ட அகற்றி வைத்தார்.

தேன்பெட்டி ஒன்று வாங்கி வைத்தால் தேனும் கிடைக்குமே என்றார் ஒருவர். நல்ல தொழில்தான். குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் 1920களிலிருந்து அத்தொழில் வளர்ந்து பல குடும்பங்களை வாழ்விக்கின்றது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பெயர் கொண்ட நச்சுயிரி நோய் ஒன்று தென்னாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை வெறுமையாக்கியபோது அவர்கள் பட்ட துயரும் பெரிது. பெட்டித் தேனீ ஆடுமாடு போன்றது, பேணுவார் உளர். சுவரோட்டையிலும் பட்ட கிளையிலும் வாழும் தேனீக்கு அத்தகைய உரிமையாளர் இல்லை. அதிலும் கொசுத்தேனீ சில நூறு மீட்டருக்கு அப்பால் பறந்து செல்லாது. அவ்வெல்லைக்குள் பூ இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஒரு சென்ட் கொல்லை அதற்குப் போதாது. பக்கத்து வீட்டிலும் ஒரு துளசி பூக்கவேண்டும். இது தெரிந்தபின் முதியவர், அஞ்சிய அம்மையாருக்கே இரண்டு துளசிக் கன்றுகளைக் கொடுத்தனுப்பினார். அவரும் வாங்கிக்கொண்டார், கதிரைக் கிள்ளாமல் விடுகிறாரா என்பதைப் பேத்தி அவ்வப்போது மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் என்னும் புயல் புதுவையருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை அந்நகரில் கொட்டித் தீர்த்தது. தெருவெல்லாம் வெள்ளம் ஆயிற்று. முதியவர் வீட்டுக் கொல்லையிலும் முழங்காலளவு நீர் நின்றது. பெயர்த்த நான்கடி மண் எவ்வளவு நீரைத்தான் குடிக்கும்? மண்ணில் வளை தோண்டியிருந்த தனித்தேனீக்களின் துளைகள் சேற்றில் மறைந்தன. துளசிகள் அழுகின. முருங்கை இம்முறையும் முறிந்தது. மதிலின் உயரத்தில் இருந்தமையால் கொசுத்தேனீக் கூட்டுக்கு மட்டும் தீங்கில்லை. மாடிப்படியருகே மேட்டில் ஊன்றியிருந்த பரங்கிக்கொடி ஒன்றும் பிழைத்தது.

இம்முறை முதியவர் தளம் போடவில்லை. முறிந்த முருங்கையின் அடிமரத்தையும் அறுக்காமல் நிற்கவிட்டார். பட்டமரத்தில் கருவண்டு துளையிடும் என்பது அவருக்கு இப்போது தெரியும். அடிமரமே மீண்டும் துளிர்த்தாலும் துளிர்க்கும் என்பது மூதாட்டியாரின் எண்ணம். இருவர் கருத்தும் ஒன்றையே வேண்டியமையால் அதுபற்றி வீட்டில் வழக்கில்லை.

மார்கழி பிறந்தது. பிழைத்த கொடி பூத்தது. இருள் பிரியாத வேளையில் மூதாட்டியார் வாயிலில் கோலமிட்டுச் சாணவுருண்டையைப் பிடித்து வைத்துவிட்டு, "போய்ப் பூப் பறித்து வா" என்று பேத்தியை அனுப்பினார். அவள் அப்போது உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பை எட்டியிருந்தாள். மாடிப்படியருகே ஒரே ஓர் ஆண் பூ விரிந்திருந்தது. கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிற்று. பூவினுள்ளே எதுவோ முரலும் ஒலி கேட்டது.

"என்னம்மா இவ்வளவு நேரம்?" என்று வாயிலிலிருந்து குரல் வந்தது.

"உள்ளே இருக்கிறது, ஆயா. வெளியே வரட்டும்" என்றாள் அவள்.

தெருவில் எல்லா வீட்டுக் கோலங்களிலும் பூ ஏறிவிட்டது. அவ்வீட்டுச் சாணவுருண்டை மட்டும் வெயில் வரும் வரை வெறுமையாகவே இருந்தது.